அம்மா சொன்னதும் அக்கா அடித்ததும்

வக்கீல் அலுவலகத்தில் அவளுக்கு 'அப்படியே அக்கா' என்று பெயர். வைத்தவர் குமாஸ்தா. வக்கீலம்மா எதைச் சொன்னாலும், "அப்படியே அடிச்சிடறேன் மேடம்" என்பாள். கட்சிக்காரர் யாராவது பழைய பத்திரத்தில் இருந்த மாதிரி வேண்டும் என்றால், "அப்படியே இருக்கும்" என்பாள். மதியத்துக்கு என்ன கொண்டுவந்தாள் என்று கேட்டால்கூட, "நேத்து மாதிரி அப்படியே" என்பதுதான் பதில். பட்டப்பெயர் காதில் விழுந்த அன்று அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு டைப்பிஸ்டுக்கு இதைவிட நல்ல சான்றிதழை யார் எழுதித் தரப்போகிறார்கள்?

மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் மூன்று அறைகள். முதல் அறையில் பெஞ்சு. அதில் காத்திருப்பவர்கள் எல்லாரும் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். நடு அறையில் அவளும் குமாஸ்தாவும் எதிரெதிர் மேஜைகளில். உள்ளறையில் வக்கீலம்மா. அந்த நடு அறையில் முப்பத்தோரு வருடமாக அவள் தட்டிக்கொண்டிருக்கிறாள். முதல் பாதி தட்டச்சுப் பொறியில், மறு பாதி கணினியில். கணினி வந்த புதிதில் ஆறே மாதத்தில் இரண்டு கீபோர்டுகள் உயிரை விட்டன. "அக்கா, அது ஒரு தப்பும் பண்ணலை, கொஞ்சம் மெதுவா அடிங்க" என்று குமாஸ்தா கெஞ்சினார்.

அந்த அலுவலகத்தில் அதிகமாக எழுதப்படுவது உயில். வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போய்விட்டால், வருகிறவர்கள் சொல்வதை அவளே சுருக்கெழுத்தில் குறித்துக்கொள்வாள். பிறகு ஆங்கிலத்தில் நகல் அடித்து உள்ளே கொண்டுபோய் வைப்பாள். உயில் சொல்ல வருகிறவர்கள் நேராகப் பேச மாட்டார்கள். வீட்டில் ஆரம்பித்து, வீடு கட்டும்போது செங்கல் கொடுக்காமல் ஏமாற்றியவனுக்குப் போய், அவன் தங்கச்சி கல்யாணத்தில் சாப்பாடு பத்தாமல் போனதைச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆக, பிள்ளைங்களுக்குத்தான்" என்று முடிப்பார்கள். எல்லாவற்றையும் எழுதப் போனால் கை ஒடிந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வக்கீலம்மா வழி சொல்லிக் கொடுத்திருந்தார். "அவங்க பேசறதை எல்லாம் எழுதாதே. நம்மகிட்ட தயாரா இருக்கிற வாசகம் எங்கெங்கே வருமோ அங்கே ஒரு சுழி போட்டுக்கோ. அடிக்கும்போது அந்த இடத்துல வாசகத்தை இறக்கிடு."

சுழிக்குப் பதிலாக இறங்கும் வாசகங்களில் முதலிடம் ஒன்றுக்குத்தான். சொத்து பிள்ளைகளுக்குச் சம பங்காக, 'ஷேர் அண்ட் ஷேர் அலைக்'. அதை முதன்முதலாக அடித்த அன்று அவள் சந்தேகம் கேட்டாள்.

"மேடம், இதுக்கு என்ன அர்த்தம்?"

"சரிசமமா. ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறைச்சல்னு இல்லாம."

"அதுக்கு முன்னாடியே 'சம பங்கா'ன்னு வந்துடுச்சே?"

"வந்துடுச்சு."

"அப்புறம் இது எதுக்கு?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "என் சீனியர் போட்டார். அவரோட சீனியரும் போட்டார். எடுத்துட்டா ஏன் எடுத்தீங்கன்னு எவனாவது கேப்பான். இருந்துட்டா ஒருத்தனும் கேக்க மாட்டான். புரியுதா?"

புரிந்தது. அதன்பிறகு அவள் கேட்கவே இல்லை. வாசகம் விரலுக்குப் போய்விட்டது. விரலுக்குப் போனது திரும்ப மூளைக்கு வருவதில்லை.

ஒரே ஒருமுறைதான் அந்த வாசகத்தை அவள் வெளியில் கேட்டாள். தங்கச்சி மழலைப் பள்ளியில் ஆயாவாக இருந்தாள். ஒருநாள் அவள் மறந்து விட்டுப்போன சாவியைக் கொடுக்கப் போனபோது, ஆறு குழந்தைகளுக்கு நடுவில் ஒரு டப்பா கலர்க்குச்சியை வைத்துவிட்டு டீச்சர், "ஷேர் அண்ட் ஷேர் அலைக்!" என்று ராகம் போட்டுப் பாடினாள். இவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னக்கா சிரிக்கிறே?"

"இது செத்துப்போனவங்க வாசகம்டி. எங்க ஆபீஸ்ல."

"நல்லா இருக்கே! இது எங்க வாசகம். கலர்க்குச்சிக்குச் சண்டை வந்தா இதைத்தான் சொல்லுவோம்."

"சொன்னா சண்டை நின்னுடுமா?"

"எங்கே நிக்குது? குச்சியை ரெண்டா ஒடிச்சுக் குடுத்தா பெரிய துண்டு யாருதுன்னு அடுத்த சண்டை."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா அர்த்தம் கேட்டாள், சொன்னதைக் கேட்டு "ம்" என்றாள். அம்மாவின் 'ம்' எந்தப் பக்கமும் திரும்பும்.

அம்மா ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு தைத்தவள். அதிலேயே மிச்சம் பிடித்து, சந்தின் கடைசியில் இருந்த சிறிய வீட்டை வாங்கினாள். தெருப்பக்கம் ஓர் அறை, பின்பக்கம் ஓர் அறை, ஒரு சமையலறை. பிள்ளைகள் மூன்று பேர். பெரியவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கம்பெனி குடியிருப்பில் மனைவியோடு இருந்தான். சின்னவளுக்குப் புருஷன், இரண்டு பையன்கள், நாலாவது மாடியில் சொந்த வீடு. நடுவில் பிறந்த இவள் அம்மாவோடு தங்கிவிட்டாள். கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்று யாராவது கேட்டால் அவளுக்கே கோர்வையாகச் சொல்லத் தெரியாது. முதலில் இரண்டு இடம் தட்டிப்போயிற்று. அப்புறம் அம்மாவுக்கு முட்டி போயிற்று. அப்புறம் ஐம்பத்து நாலு வயதாயிற்று. அவ்வளவுதான்.

கடைசி ஒன்பது வருடம் அம்மாவைக் குளிப்பாட்டியது, மருந்து கொடுத்தது, ஆஸ்பத்திரி வரிசையில் டோக்கனோடு நின்றது எல்லாம் அவள். அண்ணன் மாதம் ஒருமுறை வருவான், குழாய் ஒழுகினால் சரிசெய்துவிட்டுப் போவான். தங்கச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அம்மாவுக்குத் தலை வாரிவிடுவாள், கதை பேசுவாள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவரவர்க்கு அவரவர் பாடு. அம்மா சளி என்று படுத்தாள், எட்டாம் நாள் போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து உயிலைப் படிக்க மூன்று பேரும் வக்கீலம்மா முன்னால் உட்கார்ந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்தது முப்பத்தோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. குமாஸ்தா டீயை, கட்சிக்காரர்களுக்குக் கொடுக்கும் பூப்போட்ட கோப்பையில் கொண்டுவந்து வைத்தார். அதுவே அவளுக்கு ஒருமாதிரி இருந்தது.

உயில் அவளே அடித்ததுதான். நாலு வருடம் முன்பு, வக்கீலம்மா கோர்ட்டில் இருந்த ஒரு வாரத்தில், அம்மா வீட்டிலேயே சொல்லச் சொல்ல இவள் குறித்துக்கொண்டு வந்து அடித்தது. தையல் மெஷின் சின்னவளுக்கு. சுவர்க் கடிகாரமும் அப்பாவின் கருவிப்பெட்டியும் மகனுக்கு. கட்டிலும் பீரோவும் நடு மகளுக்கு. வீடு, மூன்று பேருக்கும்.

வக்கீலம்மா ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சொன்னார். "வீடு மூணு பேருக்கும் சம பங்கு. ஷேர் அண்ட் ஷேர் அலைக்னு இருக்கு. அதாவது யாருக்கும் கூடக் குறைய இல்ல."

"அம்மான்னா அம்மாதான்" என்றான் அண்ணன். "ஓரவஞ்சனைன்னா என்னன்னே தெரியாது அவளுக்கு." பிறகு இவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "வருஷக் கடைசிக்குள்ள நான் குடியிருப்பைக் காலி பண்ணணும். ரிட்டையர்மெண்ட். வீட்டை வித்துட்டா ஆளுக்கொரு பங்கு வந்துடும். என்ன சொல்றீங்க?"

தங்கச்சி டீக்கோப்பையைப் பார்த்தாள். இவள், "அப்படியே செஞ்சுடலாம்ணே" என்றாள். சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று யோசித்தாள். வீட்டை விற்றால் அவள் எங்கே போவாள்?

படி இறங்கும்போது ஏழாவது படியில் நின்றுவிட்டாள். வேறொரு கேள்வி வந்து காலைப் பிடித்துக்கொண்டது. அம்மா அந்தச் 'சம பங்கு' வார்த்தையைச் சொன்னாளா?

அன்றிலிருந்து அவளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது, அதுதான் வேடிக்கை. சமையலறை மேஜை. அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கிண்ணம். ஒரு பட்டாணி உருண்டு அலமாரிக்கு அடியில் போனது, அம்மா அதைக் காலால் தேடினாள். தையல் மெஷினைப் பற்றிச் சொல்லும்போது சிரித்தாள். வீட்டைப் பற்றி ஏதோ நெடுநேரம் சொன்னாள். அம்மாவின் வாய் அசைவது தெரிகிறது. கை பட்டாணியைப் பிதுக்குவது தெரிகிறது. சத்தம் மட்டும் இல்லை. 'எல்லாரும் பிரிச்சுக்குங்க' என்றாளா? 'பிரிக்காதீங்க' என்றாளா? 'நீ இருந்துக்கோ, உனக்கப்புறம் அவங்க' என்றாளா? மூன்றையும் அம்மா குரலில் சொல்லிப் பார்த்தாள். மூன்றும் அம்மா சொன்ன மாதிரியே இருந்தன.

அலுவலகத்தில் மறுநாள் ஒரு குத்தகைப் பத்திரத்தில் நான்கு பிழை. வக்கீலம்மா அவளை உள்ளே கூப்பிட்டார்.

"என்னம்மா உனக்கு? உடம்பு சரியில்லையா?"

"மேடம், எங்கம்மா கையெழுத்துப் போட வந்த அன்னைக்கு உயிலைப் படிச்சுக் காட்டினீங்களே. எங்கம்மா என்ன சொன்னாங்க?"

"ஆமா, நீ வெளியிலதானே உக்காந்திருந்தே. நான்தான் உன்னை உள்ளே வரவேணாம்னேன், உன் பேரு உயில்ல இருக்கேன்னு." வக்கீலம்மா நினைவுபடுத்திப் பார்த்தார். "படிச்சேன். சரியாம்மான்னு கேட்டேன். எம்பொண்ணு அடிச்சது, சரியாத்தான் இருக்கும்னாங்க. போட்டுட்டாங்க."

படித்துக் காட்டியதைக் கேட்டு அம்மா தலையாட்டவில்லை. மகள் அடித்திருக்கிறாள் என்று தலையாட்டியிருக்கிறாள்.

"எதுக்குக் கேக்கறே?"

"அந்த வாசகம் எங்கம்மா சொன்னதா, நானே போட்டதான்னு தெரியலை மேடம்."

வக்கீலம்மா, "சட்டம் காகிதத்துல இருக்கறதைத்தான் பாக்கும்" என்றார். "ஆனா மூணு பேரும் ஒத்துக்கிட்டா எப்படி வேணா ஏற்பாடு பண்ணிக்கலாம், எழுதித் தர்றேன். ஒருத்தர் ஒத்துக்கலைன்னாலும் காகிதம்தான். உன் நோட்டு இருக்குமே? பாரு."

இருந்தது. அவள் ஒரு நோட்டையும் எறிந்தவள் இல்லை. குமாஸ்தா ஏணி போட்டு மேல் அலமாரியிலிருந்து கட்டு கட்டாக இறக்கினார். தூசியில் இருவரும் தும்மினார்கள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"வீட்டை மூணாப் பங்கு போடறதுக்கு ஒரு வாசகம் இருக்கு. ஒம்போது வருஷம் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சதை மூணாப் பங்கு போடறதுக்கு ஒரு வாசகம் இல்ல பாருங்க. அன்னைக்கு எங்கே போச்சாம் உங்க ஷேரும் அலைக்கும்?"

"வாயை மூடுப்பா. அவங்க கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனா? எங்கம்மாவை வேற யாரும் குளிப்பாட்ட விட மாட்டேன் நான்."

சொன்ன பிறகு அவளுக்கே குழப்பம் கூடிவிட்டது. அப்படியானால் அவளும் பங்கு கொடுக்காதவள்தானே?

நோட்டு கிடைத்தது. பக்கத்தின் மேலே தேதி, பிறகு அம்மாவின் பேச்சு, சுருக்கெழுத்துக் கோடுகளாக. அவள் விரலை வைத்துப் படித்தாள். 'மெஷினைச் சின்னவகிட்ட குடு, எண்ணெய் விடச் சொல்லு, விட மாட்டா, தெரியும்.' அம்மாவே எதிரில் உட்கார்ந்து பேசினாற்போல் இருந்தது. 'கடிகாரம் அவனுக்கு, நேரத்துக்கு வர்றதில்லையே.' அடுத்த வரி: 'வீடு'. அதற்குப் பிறகு ஒரு சுழி. சின்ன, அழகான, வேகமான சுழி. அதற்குக் கீழே 'கட்டில், பீரோ' என்று தொடங்கிவிட்டது.

அம்மா அவ்வளவு நேரம் பேசியதற்கு அவள் ஒரு சுழி போட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் இஞ்ச் டேப்போடு வந்தான். தரகர் அறைகளின் அளவு கேட்டிருந்தாராம். கூடவே தங்கச்சியும் வந்தாள், ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு. இவள் நோட்டைச் சமையலறை மேஜையில் விரித்து வைத்தாள்.

"என்ன இது, கோழி கிளறின மாதிரி?" என்றான் அண்ணன்.

"அம்மா பேசினது. நான் எழுதினது." விரலை வைத்துப் படித்துக் காட்டினாள். எண்ணெய் விட மாட்டாள் என்றதும் தங்கச்சி சிரித்தாள், உடனே மூக்கை உறிஞ்சினாள். கடிகார வரியைக் கேட்டதும் அண்ணன், "பாரு, போன பிறகும் குத்தறா" என்றான். சுழி வந்ததும் இவள் நிறுத்தினாள்.

"இது என்னக்கா?"

"இது ஒண்ணுமில்ல. அதாவது, ஒண்ணுமில்லன்னு இல்ல. அம்மா வீட்டைப் பத்தி என்னமோ சொன்னா. நான் எழுதாம, ஆபீஸ்ல வழக்கமாப் போடற வாசகத்துக்கு அடையாளம் போட்டிருக்கேன். அப்புறம் அதையே அடிச்சுட்டேன்."

அண்ணனுக்கு அது உள்ளே போக நேரம் பிடித்தது. "அப்ப, சமமா பிரிக்கச் சொன்னது அம்மா இல்லையா?"

"தெரியலண்ணே. சொல்லியிருக்கலாம். சொல்லாம இருந்திருக்கலாம்."

"என்ன பேச்சு இது? அப்ப என்னதான் சொன்னா?"

"அதான் தெரியலங்கறேனே."

"ஏய், எதிர்ல உக்காந்திருந்தது நீதானே?"

"உக்காந்திருந்தேன். பட்டாணி ஞாபகம் இருக்கு."

"பட்டாணியா!" அண்ணன் டேப்பை மேஜையில் வைத்தான். "ரெண்டு மாசமா வாயைத் திறக்கல. அன்னைக்கு அப்படியே செஞ்சுடலாம்னே. தரகர் வரைக்கும் போனப்புறம் நோட்டைத் தூக்கிட்டு வர்றே. நேராச் சொல்லு. வீடு உனக்கு மட்டும் வேணுமா?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்ப விக்கலாமா?"

"அதையும் சொல்லல."

"அப்ப என்னதான் சொல்றே நீ?"

அவளுக்குத் தெரியவில்லை. வாசகம் அம்மாவுடையது இல்லாமல் இருக்கலாம் என்பதைச் சொல்லிவிட வேண்டும், அதற்கு மேல் அவள் யோசித்திருக்கவில்லை. சொல்லிவிட்டால் அடுத்தவர்கள் அதிலிருந்து ஒரு வழி கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்திருந்தாள் போலும். அண்ணன் முகம் சிவந்திருந்தது. அவனும் கெட்டவன் இல்லை. முப்பது வருடம் லிஃப்டின் இருட்டுக் குழிகளில் தொங்கியவன், வருஷக் கடைசியில் அவனுக்கும் தலைக்கு மேல் கூரை இல்லை.

"அம்மா வித்துடச் சொல்லியிருக்க மாட்டா" என்றாள் தங்கச்சி. "ஒவ்வொரு செங்கல்லும் என் தையல்னு சொல்லுவா."

"எங்கிட்ட அவளே சொன்னா" என்றான் அண்ணன். "நான் போனா இது ஒரு பழைய பெட்டிடா, ஆளுக்கொரு பலகையை எடுத்துட்டுப் போங்கன்னா."

"எப்போ சொன்னா?"

"குழாய் சரி பண்ண வந்தப்ப."

"அது கோவத்துல சொன்னதா இருக்கும். நீ சரி பண்ணின குழாய்தான் ரெண்டு வாட்டியும் திரும்ப ஒழுகுச்சே."

"சின்னவளே, வாயைக் குறை."

மூவரும் சிறிது நேரம் மூன்று அம்மாக்களோடு உட்கார்ந்திருந்தார்கள். தங்கச்சி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள், ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் அவள் அக்கா பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அம்மா சொன்னது போகட்டும்க்கா. அது இனி வராது. உனக்கு என்ன வேணும்? அதை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லித் தொலையேன்."

இந்தக் கேள்வியை அவள் ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறாள், பென்சிலும் கையுமாக. அவர்கள் சுற்றி வளைத்துப் பேசும்போது பொறுமையில்லாமல் காலை ஆட்டியிருக்கிறாள். இப்போது அவளுக்கும் செங்கல் நினைவு வந்தது, ஒன்பது வருடம் நினைவு வந்தது, தட்டிப்போன இரண்டு இடங்கள் கூட நினைவு வந்தன. எதில் ஆரம்பிப்பது என்று புரியாமல் மேஜை விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் இங்கேயே இருக்கணும்" என்றாள் கடைசியில். "அம்மா சொன்னாளோ இல்லையோ. எனக்கு அதுதான் வேணும். வேற எடத்துல எனக்குப் படுக்கத் தெரியாது."

அண்ணன் எழுந்து தெருப்பக்க அறைக்குப் போனான். அங்கே அவன் நடப்பது கேட்டது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, பிறகு திரும்பி. தங்கச்சி, "கோச்சுக்கிட்டுப் போயிடுவானோ?" என்று கிசுகிசுத்தாள். இவள், "சொல்லியிருக்கக் கூடாதோ?" என்று கிசுகிசுத்தாள்.

அண்ணன் வாசலில் வந்து நின்றான். "விக்கலைன்னா நான் எங்கே போறதாம்?"

அதை நினைத்தே பார்க்கவில்லை என்று இவளுக்குப் புரிந்தபோது முகம் சுட்டது.

"அப்ப நானும் உங்க அண்ணியும் முன்னறைக்கு வர்றோம்" என்றான். "நீ பின்னறையில இரு. சின்னவளுக்கு நான் மாசாமாசம் ஏதாவது செய்யறேன்."

"எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம்" என்றாள் தங்கச்சி. "என் பங்குக்கு நான் ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிட்டுட்டுப் போறேன். எங்க வீட்டுக்காரர் என்ன சொல்லுவார்னு தெரியல. சொல்லிப் பாக்கறேன்."

"ஒத்துப்பாரா?"

"ஒத்துக்கலைன்னா அவரை இங்கே அனுப்பறேன், நீ பேசு."

இவள் திகைத்துப் போனாள். வீடு போகவில்லை. ஆனால் கேட்டது வேறு, கிடைத்தது வேறு போலவும் இருந்தது, இரண்டும் ஒன்றுபோலவும் இருந்தது. இந்த இரண்டு மாதத்தில் அவளுக்கு ஒன்று பழகியிருந்தது. யாருக்கும் சொல்லாத ஒன்று. காலையில் எழுந்து ஒருவருடனும் பேசாமல் தேநீர் குடிப்பது. அண்ணிக்கு எழுந்ததிலிருந்து ரேடியோ பாட வேண்டும். ஒரே அடுப்பு. நல்லவள்தான், ஆனால் பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்க மாட்டாள், நிமிர்த்தித்தான் வைப்பாள். சரி என்பதா, ஐயோ என்பதா? அம்மா இருந்தால் 'ம்' என்றிருப்பாள்.

"என்ன, பேச்சைக் காணோம்?" என்றான் அண்ணன். "இதுவும் வேணாமா?"

"வேணும்ணே. ஆனா அடுப்பு காலையில ஏழு மணி வரைக்கும் எனக்கு."

"ஏழுக்கு முன்னாடி உங்க அண்ணி எந்திரிச்சாத்தானே!" என்றான் அவன். முதன்முறையாகச் சிரித்தான், பாதிச் சிரிப்பு. உடனே வேலையில் இறங்கிவிட்டான். டேப்பை எடுத்து, "எங்க பீரோ பெரிசு. முன்னறையில நுழையாது. உன் அறையில ஒரு சுவரைக் குடுத்தாத்தான் ஆச்சு. வா, பிடி" என்றான்.

பின்னறைக்குப் போனார்கள். அவன் டேப்பின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்துவிட்டு மறுமுனையை இழுத்துக்கொண்டு போனான். கட்டிலைத் தாண்டி, சுவரோரமாக நகர்ந்து, ஜன்னலருகே நின்றான். தங்கச்சி கதவில் சாய்ந்து பிஸ்கட் தின்றாள்.

"இங்கே வெச்சா சரியா உக்காரும்" என்றான். "ஆனா ஜன்னல் பாதி மறையும். பரவாயில்லதானே?"

அவள் வாய் வழக்கம்போல் திறந்தது. டேப்பின் முனை விரலை அழுத்தியது.

"இல்லண்ணே" என்றாள். "மறையக் கூடாது."

அண்ணன் திரும்பிப் பார்த்தான். தங்கச்சி மெல்லுவதை நிறுத்தினாள். இவளுக்கே தான் சொன்னது சரியா தப்பா என்று பிடிபடவில்லை; ஆனாலும் திருத்திச் சொல்லவில்லை. அண்ணன் பெருமூச்சு விட்டு, டேப்பை இழுத்துக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போனான்.

"அப்ப கட்டிலை நகர்த்தணும். ரெண்டு பேரும் வாங்க, ஆளுக்கொரு கால் பிடிங்க."